ஜில்லா பூராவும் இஞ்சி சோடா

சோடா கம்பெனியில் வேலை என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அடுத்து ஏப்பம் விடுவது போல நடித்துக் காட்டுவார்கள், அதன் பிறகுதான் என்ன வேலை என்று கேட்பார்கள்.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன சோடா கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. பன்னீர் சோடா, லெமன், ஆரஞ்சு, இஞ்சி சோடா என்று நாலு வகை போடுவார்கள். எனக்கென்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு தெர்மாமீட்டர், புளிப்பு பார்க்கும் காகிதச் சுருள். இதற்குப் பெயர் லேப். சேரும்போதே முதலாளி, “ஆறு மாசம் பார்ப்போம்மா” என்றார். கொத்தனார் வேலை செய்யும் என் அப்பா அந்தப் “பார்ப்போம்” என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மகள் சோதனை ஆபீசர் ஆகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முதல் வேலையில் “பார்ப்போம்” என்ற சொல்லை நம்பி நாள் கடத்தியவர்களுக்கு, அந்த ஆறு மாசத்தைக் காலண்டரில் எத்தனை தடவை எண்ணினேன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி வருவதில் முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் லோடு வண்டி ஓட்டும் சேகர் அண்ணன் சொன்னது. அவர் சொன்னால் எதிலும் கொஞ்சம் காரம் கூடத்தான் இருக்கும். முடிந்த அளவு குறைத்து எழுதுகிறேன்.

மூக்கில் வெட்டிய மின்னல்

முதலாளியின் மச்சினர் குவைத்திலிருந்து லீவில் வந்தவர், மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார். அங்கே பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பெட்டிக்கடையில் இஞ்சி சோடா குடித்திருக்கிறார். ஒன்று குடித்து, இன்னொன்று குடித்து, காரில் ஏறிய பிறகு இறங்கி வந்து மூன்றாவதும் குடித்தாராம். எந்த ஊர் என்று கேட்டால் கோட்டைப்பட்டினமா ஜெகதாப்பட்டினமா என்று நினைவில்லை. யாருடைய சரக்கு என்றால் பாட்டிலில் லேபிளே இல்லை.

எங்கள் இஞ்சி சோடா அப்போது டவுனில் சரியாகப் போகவில்லை. அனுப்பிய கிரேட்டில் பாதி அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் மச்சினர் ஆபீசுக்கு வந்து, எங்கள் பாட்டில் ஒன்றை முதலாளி மேசையிலேயே திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாராம்: “மச்சான், அதைக் குடிச்சா மூக்குல மின்னல் வெட்டுது. இது காய்ச்சக்காரனுக்கு வச்ச கசாயத்துல சீனியப் போட்ட மாதிரி இருக்கு.”

கெமிஸ்ட்ரிக்கு வந்த உத்தரவு

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். மச்சினர் விமானம் ஏறிவிட்டார். முதலாளி முகத்தில் மட்டும் அந்த மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. ஜில்லாவில் எந்தெந்த ஊரில் யார் யார் இஞ்சி சோடா போடுகிறார்களோ, எல்லாவற்றையும் குடித்துப் பார்த்து, நல்லது எது, அதில் என்ன இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். வைகாசி முகூர்த்தங்களுக்குள் எங்கள் இஞ்சி சோடா தேறவில்லை என்றால் அதை நிறுத்திவிடுவார்கள். அதை நிறுத்தினால், மீதி மூன்று வகைக்கு லேப் எதற்கு?

சேகர் அண்ணன் வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நானும் போவது என்று ஏற்பாடு. கடற்கரைப் பக்கம் எங்கள் வண்டி போகாது. அறந்தாங்கி ஏஜென்ட் சரக்கை எடுத்து அவரே அங்கே பிரித்துக் கொடுப்பார். அதனால் அதைக் கடைசியாக பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. நான் சின்னச் சின்ன மாதிரிப் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறியபோது, லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர் வழியனுப்பினார்: “கெமிஸ்ட்ரி, படிச்ச படிப்புக்கு ஊர் ஊரா சோடா குடிக்கிற வேலை! எங்க வீட்டுப் புள்ளையளையும் அந்தக் காலேஜிலேயே சேத்து விடு தாயி.”

தள்ளி வைத்த பன்

முதல் நாள் கீரனூர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடை. இஞ்சி சோடா கேட்டேன். கடைக்காரர் வாசலில் கிடந்த கிரேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். மிச்சத்தில் கொஞ்சத்தை மாதிரிப் பாட்டிலில் ஊற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, ஊர்ப் பெயர் எழுதினேன். பிறகு காகிதச் சுருளில் ஒரு துண்டு கிழித்து சோடாவில் நனைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காகிதத்தை இறக்கிப் பார்த்தால் கடைக்காரரைக் காணோம்.

அவர் உள்ளே குனிந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன்னையெல்லாம் ஒரு சாக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது. ஸ்டூலை ஒரு துண்டு துடைத்தது. “அம்மா, நம்ம கடையில பழசே கிடையாதும்மா. எல்லாம் காலையில வந்தது” என்றார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் வாழைப்பழம்கூட வந்திருக்கும். ஆனால் பொய்யாக ஓர் ஆபீசராக உட்கார்ந்திருக்க எனக்கு வராது. எழுந்து நின்று, “அண்ணே, நான் ஆபீசர் இல்ல, சோடா கம்பெனியிலேருந்து வாரேன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஃபேனைத் திரும்பத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“சோடா கம்பெனியா! அதுக்கு எதுக்கும்மா சோடாவ எக்ஸ்ரே புடிச்ச மாதிரி தூக்கிப் பாக்குற? இந்தா, சாக்குக்குள்ள போன பன்ன நீயே வந்து அடுக்கிட்டுப் போ.”

அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பழையதை மட்டும் சாக்கிலேயே விட்டுவிட்டேன்.

கலரைக் குடி

பொன்னமராவதிப் பக்கம் ஒரு வீட்டில் இஞ்சியும் நன்னாரியும் போட்டு வீட்டிலேயே சர்பத் காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதற்குள் அன்று நான் குடித்த சோடாக்கள் வயிற்றில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. வாசலில் போய் நின்றதும் அந்த வீட்டு அம்மா வா என்று உட்கார வைத்து, நான் வந்த காரியத்தைச் சொல்வதற்குள் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு கலர் வாங்கி வந்து, சில்வர் டம்ளர் வழிய வழிய ஊற்றி வைத்துவிட்டார். நம் ஊரில் வீடு தேடி வந்தவர்களுக்குக் கலர் கொடுப்பது மரியாதை. கொடுத்ததை மிச்சம் வைப்பது அவமரியாதை. காய்ச்சிய சர்பத்தைக் காட்டுங்கள் என்றால், “அது நாங்க குடிக்கிறது தாயி, விருந்தாளிக்கு அதையா குடுக்கிறது?” என்கிறார்.

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை என்று விசாரணை நடந்தது. அவர் மகன் திருப்பூரில் இருக்கிறாராம். சுவரில் போட்டோ இருந்தது. கேள்வி போகும் திசை எனக்குத் தெரிந்துவிட்டது. “வேலை நிரந்தரமா?” என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “இன்னும் இல்லைங்க. இஞ்சி சோடா சரியா வந்தாத்தான்” என்றேன். அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டார். என் அப்பாகூட இந்த விஷயத்தை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

“சரி, நிரந்தரமானதும் ஒரு போன் போடு. அதுவரைக்கும் பையனுக்கு வேற எடம் பாக்காம நிறுத்தி வைக்கிறேன். இப்ப கலரைக் குடி.”

ஏறினவரும் ஏறாதவரும்

சித்தன்னவாசலில் ஒரு கடைக்கார அக்காவிடம், உங்கள் கடையில் எது நன்றாகப் போகிறது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது பன்னீரா, இஞ்சியா, லெமனா என்ற பதில். அவர் ஓவியக் குகை இருக்கும் பாறையைக் கையால் காட்டினார். “வெயில்ல மேல ஏறி எல்லாத்தையும் பாத்துட்டு எறங்குறவக தண்ணிதான் கேப்பாக பாப்பா. பாதியில திரும்புறவகதான் கலர் கேப்பாக. மனசத் தேத்திக்கணும்ல?”

நிரந்தரமில்லாத பிரிட்ஜ்

ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி என்று சுற்றியதில் எனக்கு ஒன்று தெரிந்தது. எல்லா ஊர் இஞ்சி சோடாவும் ஒரே மாதிரிதான் இருந்தது, அதாவது எங்களுடையதைப் போலவே சுமாராக. ஒவ்வொரு கடையிலும் பளபளவென்று ஒரு பிரிட்ஜ் நிற்கும். அது பெரிய கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. அவர்கள் பாட்டிலைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது. உள்ளூர்ச் சரக்கு எல்லாம் வாசலில், கிரேட்டில், வெயிலில்.

இதை நான் பார்த்தேன். ஆனால் இதைப் பற்றி யோசிக்கவில்லை. சர்க்கரை கூடுதலா, இஞ்சி பழசா என்று பாட்டிலுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஊரில் துணிந்து, “உள்ளூர் சோடாவையும் ஒண்ணு ரெண்டு உள்ள வைங்களேன்” என்று கேட்டேன். கடைக்காரர் பிரிட்ஜைத் தட்டிக் காட்டினார்: “கம்பெனிக்காரன் பாத்தா பிரிட்ஜத் தூக்கிட்டுப் போயிருவான். ஒன் சோடாவுக்கு எடம் குடுத்துட்டு, நான் பானையில ஐஸ்கிரீம் விக்கவா?”

ஜெகதாப்பட்டினம்

கோட்டைப்பட்டினத்தில் தேடிவிட்டு, ஜெகதாப்பட்டினத்தில் இறங்கினேன். அன்று நல்ல நாள். போன விசைப்படகுகள் எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் கரைக்குத் திரும்பியிருந்தன. ஒரு படகு வர நேரமானாலும் அந்த ஊருக்கே தொண்டையில் எதுவும் இறங்காது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா சொல்லியிருந்தார். அன்று எல்லாருக்கும் இறங்கியது. ஐஸ் பிளாண்டை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. பலகை இல்லை. கடை பாய் ஒரு பெரிய பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டி, அதற்குள் கையை விட்டு விட்டு பாட்டில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் லேபிள் இல்லை.

வாங்கி ஒரு வாய் குடித்தேன். மூக்கு சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சி நாக்கின் நுனியில் ஆரம்பித்துக் காது வரைக்கும் போனது. அந்தச் சந்தோஷத்தில் கை தானாக போனை எடுத்துவிட்டது. “சார், கெடச்சிருச்சு சார்! மச்சினர் சொன்ன சோடா இதுதான்!” முதலாளி அந்தப் பக்கத்தில் கத்திய கத்தலில் பாய் திரும்பிப் பார்த்தார். ரெண்டு கிரேட் வாங்கிக்கொண்டு உடனே வா என்றார்.

பாட்டிலைத் துடைத்துப் பையில் வைக்கப் போனபோதுதான் கழுத்தில் இருந்த பேட்ச் நம்பரைப் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். அது எனக்குத் தெரிந்த நம்பர். அதை அச்சடித்ததே நான். அறந்தாங்கி ஏஜென்ட் வழியாக வந்த எங்கள் இஞ்சி சோடா. லேபிள் ஐஸ் தண்ணீரில் ஊறிக் கழன்று, பெட்டியின் அடியில் எங்கள் கம்பெனிப் பெயரோடு கூழாகக் கிடந்தது. நான் பாயிடம் நம்பரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தன்னிடம் பிரிட்ஜ் இல்லாததற்கு அதுவரை என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர், இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்:

“அடி ஆத்தே! ஒங்க வீட்டுப் பிள்ளையவே எங்க வீட்டுல வந்து மாப்பிள்ளை பாத்துட்டுப் போறியளா தங்கச்சி?”

தொண்டை கட்டும்

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை. சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ரெண்டு கிரேட்டை வாங்கி, புதுச் சோடா என்று சொல்லி, ஒரு வாரம் லேபில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டு, இதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எங்கள் சோடாவையே எடுத்து நீட்டலாம். ஆனால் பேட்ச் நம்பர் எனக்கு மட்டும் தெரிந்த எழுத்தில்லையே. அதோடு, காரணம் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. குளிர்ந்தால் கேஸ் தண்ணீருக்குள் அடங்கி நிற்கும். சூடானால் மூடியைத் திறந்ததும் ஓடிவிடும், மிச்சம் இருப்பது சீனித் தண்ணீர். முதல் வருஷப் பாடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில் நான் ருசி பார்த்த ஒவ்வொரு பாட்டிலிலும் அந்தப் பாடம் எனக்கு முன்னால் நுரைத்துக் கொட்டியிருக்கிறது.

முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நம்பவில்லை. “நம்மளுதா? நம்மளுதுல அந்த வேகம் ஏதும்மா?” என்றார். குடோனிலிருந்து அவர் கையாலேயே ஒரு பாட்டிலை எடுக்கச் சொன்னேன். ஒரு வாளியில் ஐஸ் வாங்கி வந்து அதைப் புதைத்து வைத்தேன். நன்றாகக் குளிரும் வரை சேகர் அண்ணன் வாளியை எட்டி எட்டிப் பார்த்தார். முதலாளி திறந்தார், குடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“இத்தன வருசமா சோடா போடுறேன், ஒரு நாளும் நம்ம சரக்கக் குளுத்திக் குடிச்சதில்லம்மா. எனக்குத் தொண்ட கட்டிக்கும்.”

எலை நனையுது

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. விசேஷ ஆர்டருக்கு சோடாவோடு ஐஸ் நிரப்பிய டிரம்மும் நாங்களே அனுப்புவது என்று முடிவானது. முதல் ஆர்டர் அறந்தாங்கி ரோட்டில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. கிடாக்கறி விருந்து. முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு போய் டிரம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “ஜனம் இன்னொண்ணு கேட்டா இஞ்சி சோடா இருக்கும், நீயும் இருப்ப” என்றார். வைகாசி பிறந்திருந்தது. என் அப்பாவும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த வீட்டில் கட்டட வேலை பார்த்த பழக்கம். மகள் ஆபீசர் டிரம்முக்குள் கையை விட்டு நிற்பதை முதன்முறையாகப் பார்க்கிறார்.

ஆரம்பமே சரியில்லை. ஐஸிலிருந்து எடுத்த பாட்டில்களை அப்படியே இலை ஓரம் வைத்ததில் தண்ணீர் சொட்டியது. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த தாய்மாமன் என்னிடம் பாய்ந்து வந்தார். “ஏம்மா, எலை நனையுது! சோறு வைக்கிறதா, இல்ல தோணி விடுறதா?” நான் ஒரு துண்டை எடுத்து ஒவ்வொரு பாட்டிலாகத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். முதலில் யாரும் தொடவில்லை. குழம்பு வந்தது. சற்று நேரத்தில் ஒரு கை உயர்ந்தது. “இங்கிட்டு ஒண்ணு!” அடுத்து, “அங்கிட்டு ரெண்டு!” பிறகு எனக்குத் துடைக்கக்கூட நேரமில்லை. தாய்மாமனே டிரம்முக்குள் கையை விட்டார். இரண்டாம் பந்தி முடிவதற்குள் டிரம்மில் ஐஸ் மட்டும்தான் மிதந்தது. அப்பா தன் பாட்டிலைத் தூக்கிப் பக்கத்து இலைக்காரரிடம் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதலாளி மண்டபத்து வாசலிலேயே அடுத்த ஆர்டர்களைப் பேசி முடித்துவிட்டு வந்து, “திங்கக்கெழம ஐடி கார்டுக்குப் போட்டோ கொண்டு வந்துரு” என்றார். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது, கடைசி வரிசையில் கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னது: “ஆத்தா, சோறு போதும், கறியும் போதும். சோடாவ மட்டும் வச்சுக்கிட்டே இரு.”

விசாரித்தது

அந்தக் கண்ணும் மூக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. அடுத்த வாரம் இன்னொரு மண்டபத்தில் காதுகுத்துக்குச் சமைத்த அதே மாஸ்டரைப் பார்த்தபோது கேட்டுவிட்டேன். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: அன்றைக்குக் குழம்பில் அவர் ஒரு தடவை மிளகாய்த்தூள் போட்டிருக்கிறார், போடவில்லை என்று நினைத்து அவர் தம்பி இன்னொரு தடவை போட்டிருக்கிறார். நான் நேராக முதலாளியிடம் போய், ஐடி கார்டை மேசையில் வைக்காத குறையாக, இதையும் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. “அப்படியா? சரி, யாராவது நல்ல மாஸ்டர் யாருன்னு கேட்டா, அவரு நம்பரையே குடும்மா.”

அதற்குப் பிறகு காரம் அளவாக இருந்த விருந்துகளிலும் டிரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன்: இன்னொன்று கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் யாரும் அழுதுகொண்டு கேட்பதில்லை, ஆக, என் வேலை நிரந்தரமானதில் பாதி ஐஸுக்கு, பாதி மாஸ்டரின் தம்பிக்கு, அதற்கு மேல் ஏதாவது மிச்சமிருந்தால் அது கெமிஸ்ட்ரிக்கு.